பட்டன் தேய்ந்தாச்சு... அடுத்து என்ன டயர்?

புது பைக் வாங்கும்போது நாம் முடிவு செய்வது நிறத்தை மட்டும்தான். மற்றதையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. என்ன ஆயில், என்ன பிளக் என்பதுகூட சர்வீஸ் சென்டர் சொல்வதுதான். ஓட்டப் பழகி இரண்டு மூன்று வருடம் போன பிறகு டயர் தேய்கிறது. அப்போதுதான் முதல்முறையாக ஒருவர், 'உனக்கு எது வேணும்?' என்று நம்மைக் கேட்கிறார். அவர் டயர் கடைக்காரர். நம்மிடம் பதில் இருப்பதில்லை.

பேச்சு எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"பின்னாடி பட்டன் சுத்தமா போச்சு தம்பி. மாத்திடு. முன்னாடி இன்னும் ஓடும்."

"என்ன டயர்ண்ணே போடலாம்?"

"இதே சைஸ் போடவா, இல்ல கொஞ்சம் அகலமா போட்டுடலாமா? லுக்கா இருக்கும், கிரிப்பும் நல்லா இருக்கும்."

தம்பி தலையாட்டிவிடுகிறார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான். ஆனால் 'முன்னாடி இன்னும் ஓடும்' என்பதும், 'கொஞ்சம் அகலமா' என்பதும் புதிதாக ஓட்டுகிறவரின் பணத்தைத் தவறான இடத்தில் செலவழிக்க வைக்கின்றன. டயருக்கு ஒதுக்கும் காசு, பைக்கின் விலையில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான். அதை அகலத்தில் போடாமல், சரியான அளவில் கிடைக்கும் நல்ல டயரில், அதுவும் முன் சக்கரத்தை மறக்காமல் போட வேண்டும். இந்தக் கட்டுரை வாதாடப்போவது அதற்காகத்தான்.

முன்னாடி இருப்பதுதான் காப்பாற்றுகிறது

பின் டயர் சீக்கிரம் தேயும். எஞ்சின் தள்ளுவது அதைத்தான், பின்னால் உட்காருகிறவரின் எடையும் மளிகை மூட்டையும் ஏறுவதும் அதன்மேல்தான். அதனால் கண்ணுக்குத் தெரிகிற தேய்மானம் அங்கேதான் இருக்கும். முன் டயர் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது கதை மாறுகிறது. வண்டியின் பாரம் முன்னால் குவிகிறது, ஃபோர்க் அமுங்குகிறது, பின் சக்கரம் லேசாகிறது. ஓங்கிப் பிடிக்கும் பிரேக்கில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. திருப்புவதும் அதுதான். பின் டயர் சறுக்கினால் வண்டி வால் ஆட்டும், வயிற்றைக் கலக்கும், ஆனால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் சறுக்கினால் யோசிக்க நேரம் கிடையாது, தோள் தரையில் இருக்கும்.

நம் ஊரில் பலர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'முன்னாடி பிடிச்சா தூக்கிப் போட்டுடும்' என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். நல்ல முன் டயரும் பழகிய விரல்களும் இருந்தால் தூக்கிப்போடாது. கல் போல இறுகிப்போன ஆறு வருட டயரில் பிடித்தால் சறுக்கத்தான் செய்யும்.

ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. வெயிலில் நின்றும், காற்றிலுள்ள ஓசோன் பட்டும், சூடாகி ஆறி மறுபடி சூடாகியும் இறுகுகிறது. பட்டன், அதாவது டயரின் மேலுள்ள ரப்பர்க் கட்டைகள், ஆழமாகவே இருக்கும், பிடிப்பு போயிருக்கும். முன் டயரைச் சோதிக்க உங்கள் கட்டைவிரல் நகம் போதும். நல்ல ரப்பரில் அழுத்தினால் நகம் லேசாகப் பதிந்து பிறகு மறையும். பழைய டயரில் பதியவே பதியாது. பக்கவாட்டிலும் பட்டன் இடுக்குகளிலும் முடி போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே ஓர் அளவு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அதை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ, டிடபிள்யூஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக மேலே பள்ளத்துக்குள் பார்த்தால் சின்ன மேடு ஒன்று தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அதுவரை காத்திருப்பது மழை இல்லாத ஊருக்குத்தான் பொருந்தும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, செப்டம்பரிலேயே பட்டன் அந்த மேட்டை நெருங்கிவிட்டது என்றால் பொங்கல் வரை இழுக்கலாமா என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொரு அறிகுறியைப் பலர் டயரின் குறையாகவே நினைப்பதில்லை. நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டியின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பைக் டயர் வளைந்த முதுகோடு வருவது, வண்டி சாயும்போது அதுவும் கூடவே உருள வேண்டும் என்பதற்காக. நடு தட்டையானால் திருப்பத்தில் வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் தடாலென்று விழுவது போலச் சாயும். சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் மாதக்கணக்கில் ஆபீஸ் போய்வந்த வண்டியை வார இறுதியில் ஏலகிரிக்கு ஏற்றினால் முதல் கொண்டை ஊசி வளைவில் இது தெரிந்துவிடும். 'எனக்கு இன்னும் ஓட்ட வரல போல' என்று புதியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். அவர்மேல் தப்பில்லை.

டயர் தானே சொல்லும் ஜாதகம்

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைப் படியுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எடுத்துக்கொள்வோம், நாட்டில் அதிகம் விற்ற பைக்குகளில் ஒன்று. முன்னும் பின்னும் ஒரே அளவு, 80/100-18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. இங்கே நூற்றுக்கு நூறு, அதாவது உயரமும் 80 மில்லிமீட்டர். கடைசி 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய வண்டிகளிலும் டிவிஎஸ் எக்ஸ்எல் போன்றவற்றிலும் எல்லாமே அங்குலத்தில் இருக்கும், 2.50-16 என்பது போல.

இதுவரை பலருக்குத் தெரியும். இதற்கடுத்து வரும் சின்ன எண்ணையும் எழுத்தையும்தான் யாரும் பார்ப்பதில்லை. ஸ்ப்ளெண்டரின் முன் டயரில் அது 47, பின் டயரில் 54. பக்கத்தில் பி என்ற ஆங்கில எழுத்து (பெங்களூருவின் பி அல்ல, பாண்டிச்சேரியின் பி). எண், டயர் சுமக்கக்கூடிய எடைக்கான குறியீடு. 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. எழுத்து வேகத்துக்கானது. அந்த பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும், எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210.

அளவு ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒரே டயர் அல்ல. ஸ்டாக் இல்லாத நாளில் 'ரெண்டும் ஒரே சைஸ்தானே' என்று முன் டயரைப் பின்னால் மாட்டினால், ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகும் சக்கரத்துக்கு 37 கிலோ குறைவாகத் தாங்கும் டயரைக் கொடுத்ததாக ஆகும். எடைக் குறியீடும் வேக எழுத்தும் பழையதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம், கீழே போகவே கூடாது. மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி இது.

பக்கவாட்டில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். சக்கரம் சுழலும் திசை அது. பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய திசையையும், உள்ளே ரப்பர் ஒட்டப்பட்ட விதத்தையும் வைத்துப் போடப்படுவது. அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவதும் நடக்கும். வண்டியை எடுக்கும்முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

நான்கு இலக்க எண் ஒன்று தனியாக ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு, சுற்றிப் பார்த்துத் தேட வேண்டும். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. டயர் பிறந்த தேதி. நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த டயர் ஒரு வருடப் பழசு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு வருடப் பழசை 'ஆஃபர்' என்று கொடுத்தால் வேறு கடை பாருங்கள், ஏனென்றால் ரப்பரின் வயது நீங்கள் மாட்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. நம் வெயிலுக்கு அந்தப் பத்தெல்லாம் தாராளம்.

ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான தரநிலை எண் ஐஎஸ் 15627. அது இல்லாத டயரை இங்கே விற்கவே கூடாது.

அகலம் என்கிற ஆசை

இனி அந்த 'கொஞ்சம் அகலமா' விஷயத்துக்கு வருவோம். பைக் ஓட்டும் பையன்களின் பேச்சில் இதற்கு இணையான ஆசை சைலன்ஸர் ஒன்றுதான்.

அகலமான டயர் தரையில் அதிகம் படும், அதனால் அதிகம் பிடிக்கும் என்பது நம்பிக்கை. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பின் சக்கரத்தின்மேல் 110 கிலோ எடை இருக்கிறது, டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. அந்த 110 கிலோவைத் தாங்க டயர் ஏறக்குறைய 52 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் பட வேண்டும். மூன்று தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் இடம், அவ்வளவுதான். டயர் அகலமானாலும் எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும், நீளவாக்கில் இருந்தது அகலவாக்கில் ஆகும். மழையில் அது நல்லதுகூட அல்ல, ஏனென்றால் ஒதுக்க வேண்டிய தண்ணீரின் அகலமும் கூடுகிறது.

அப்படியானால் பெரிய பைக்குகளுக்கு ஏன் அகல டயர்? அவற்றின் சக்தியும் சூடும் சாய்வும் வேறு. அவற்றின் ரிம்மும் அதற்கேற்ற அகலத்தில் இருக்கும். சிக்கல் ரிம்மில்தான். 100/90-17 அளவுக்கு வார்த்த ரிம்மில் 140-ஐ ஏற்றினால் டயரின் இரண்டு ஓரங்களும் உள்ளே இழுபட்டு நடு முதுகு மேலே புடைத்துக்கொள்ளும். கம்பெனிக்காரர் கணக்குப் போட்டு வைத்த வளைவு போய்விடும். நேராகப் போகும்போது ஒல்லியான கோட்டில் ஓடும், சாயும்போது எப்போது எந்தப் பகுதி தரையைத் தொடும் என்று சொல்ல முடியாது. 140 போட்ட 150 சிசி வண்டி பின்னாலிருந்து பார்க்க அழகுதான். ஓட்டுகிறவர் பின்னாலிருந்து பார்ப்பதில்லை.

வேறு தொல்லைகளும் வரிசையாக வரும். டயர் செயினிலோ மட்கார்டிலோ உரசும். எடை கூடியதால் பிக்கப் குறையும், மைலேஜும் குறையும். சக்கரத்தின் சுற்றளவும் மாறும். 100/90-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 612 மில்லிமீட்டர், 110/90-17 சுமார் 630. மூன்று சதவீதம் கூடுதல். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் முன் பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு அந்தக் கருவி முடிவெடுக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமாகியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பின் கணக்கை நாமே கலைப்பானேன்?

வண்டியோடு வரும் கையேட்டில் மாற்று அளவு ஏதாவது குறித்திருந்தால் அதைப் போடுங்கள். அதே பைக்கின் வேறு மாடலில் அதே ரிம்முக்குக் கம்பெனியே ஒரு படி பெரிய டயர் கொடுத்திருந்தால் அதுவும் சரி. ஓட்டத் தொடங்கி சில வருடமே ஆனவர் அதற்கு மேல் பரிசோதனைக்கு இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் குணத்தை இப்போதுதான் புரிந்துகொண்டு வருகிறீர்கள். அதற்குள் குணத்தையே மாற்றினால், அடுத்த தடவை வண்டி ஏதாவது செய்தால் அது உங்களாலா டயராலா என்று தெரியாமல் போகும்.

பேட்டில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பியா?

அளவு முடிவானால் அடுத்த கேள்வி, எந்தக் கம்பெனி. சச்சின் பேட்டில் பார்த்த பெயர், பிறகு கோலி பேட்டில் பார்த்த பெயர், சிஎஸ்கே சட்டையில் பார்த்த பெயர் என்று கிரிக்கெட்டே நமக்கு டயர் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதில் ஒரு நியாயமும் உண்டு, அவையெல்லாம் நம் மண்ணில் வளர்ந்த கம்பெனிகள். எம்ஆர்எஃப்பை கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாகத்தான் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் போடும் ரப்பருக்கு மாறினார், டயர் அதற்கும் பிறகுதான். டிவிஎஸ் யூரோகிரிப் டயர்கள் மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் தயாராகின்றன. சியட், அப்போலோ, ஜேகே, மிஷெலின் எல்லாவற்றுக்கும் சென்னையைச் சுற்றி ஆலைகள் இருக்கின்றன.

பெயர் பெற்ற கம்பெனி எதுவானாலும் அடிப்படைத் தரம் இருக்கும். வித்தியாசம் கம்பெனிக்குக் கம்பெனி என்பதைவிட, ஒரே கம்பெனியின் ஒரு டயருக்கும் இன்னொன்றுக்கும்தான் அதிகம். எல்லாரும் இரண்டு வகை செய்கிறார்கள். ஒன்று கெட்டியான ரப்பர், நெடுநாள் ஓடும். இன்னொன்று மென்மையான ரப்பர், நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடையில் பட்டன் டிசைனைக் காட்டித்தான் விற்பார்கள். பிடிப்பில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அந்த ரப்பர் கலவையில் இருக்கிறது. சிலிக்கா கலந்த ரப்பர் ஈரச்சாலையில் நன்றாகப் பிடிக்கும் என்பது தொழிலில் உள்ளவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். அதனால் 'எது லுக்கா இருக்கும்?' என்று கேட்காமல், 'மழையில எது நல்லா பிடிக்கும்? எது ரொம்ப நாள் ஓடும்?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே டயரை நீட்டுகிற கடைக்காரர் ஸ்டாக்கைத் தள்ளப் பார்க்கிறார்.

எனக்கு விட்டால், புதிதாக ஓட்டுகிறவருக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் குறைவாக ஓடினாலும் நன்றாகப் பிடிக்கும் டயரைத்தான் கொடுப்பேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குறுக்கே பாயும் நாய்க்கும், இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் ஆட்டோவுக்கும் பிரேக் பிடிக்க வேண்டியவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். அனுபவசாலி முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரைக் குறைத்திருப்பார். புதியவர் கடைசி நொடியில் பிடிப்பார்.

காடு மேடு ஏறுவதற்கான பெரிய கட்டை வைத்த டயர்கள் இப்போது ஃபேஷன். மண்பாதையில் அவை ராஜா. தார்ச்சாலையில் உறுமும், கட்டைகள் நெளியும், ஈரத்தில் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வர அது எதற்கு?

ஒன்றை மட்டும் எந்த டயரிடமும் எதிர்பார்க்காதீர்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, மேம்பால இணைப்பின் இரும்புப் பட்டை, ஜீப்ரா கோட்டின் பெயிண்ட், இவற்றின்மேல் மழை பெய்திருந்தால் உலகத்தின் விலை உயர்ந்த டயரும் வழுக்கும். அங்கே வண்டி நிமிர்ந்து இருக்க வேண்டும், கை பிரேக்கில் இருக்கக் கூடாது.

டியூப் உண்டா, இல்லையா

டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்கும். டியூப் டயரில் பல சமயம் சட்டென்று இறங்கிவிடும். எனவே வாய்ப்பிருந்தால் டியூப்லெஸ்தான். ஆனால் வாய்ப்பை முடிவு செய்வது ரிம், டயர் அல்ல. சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பி கோத்த ஓட்டைகள் வழியே காற்று போய்விடும், டியூப் கட்டாயம். அலாய் வீல் என்றாலே டியூப்லெஸ் போடலாம் என்றும் நினைக்க வேண்டாம். டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் உள்மேடு சில பழைய அலாய் ரிம்களில் இருக்காது. பல ரிம்களில் அது டியூப்லெஸ்ஸுக்கானதா என்று பொறித்தே இருக்கும், கழற்றும்போது பாருங்கள்.

ரேடியல் விஷயம் சுருக்கமாக. அளவில் கோட்டுக்குப் பதில் ஆர் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக யமஹா எஃப்ஸியின் பின் டயரில் 140/60ஆர்17 என்று இருப்பது போல, அது ரேடியல். முன்னால் சாதாரண டயரும் பின்னால் ரேடியலுமாகச் சில பைக்குகள் கம்பெனியிலிருந்தே வருகின்றன, அது கணக்குப் போட்டுச் செய்தது. அதைத் தலைகீழாக்கி முன்னால் ரேடியல், பின்னால் சாதாரணம் என்று நீங்களாகக் கலக்காதீர்கள். வந்தது எதுவோ அதுவே போகட்டும்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விடாதீர்கள். நல்ல டயர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான்.

நெம்புகோல் போடும்முன் டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுகிறாரா என்று பாருங்கள். காய்ந்த ரப்பரை நெம்பினால் ஓரம் கிழியும், அலாய் ரிம்மில் கீறல் விழும். மிஷினில் ஏற்றிக் கழற்றும் கடை என்றால் இன்னும் நல்லது. டியூப் வண்டியானால் டயரோடு டியூபும் புதிது. பழைய டியூப் வளர்ந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து அந்த மடிப்பிலேயே ஓட்டை விழும். இருநூறு முந்நூறு ரூபாயை இங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அது ரப்பர்தான், அதற்கும் வயதாகியிருக்கும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும்.

காற்று நிரப்பியதும் டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போய், இன்னோரிடத்தில் வெளியே வந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் அறுபதில் ஹேண்டில் நடுங்கும்.

பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் செயின் தொய்வு மாறியிருக்கும். ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் இருக்கும் கோடுகளில் அட்ஜஸ்டர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் போல்ட்டும் அதன் பின்னும் திரும்பப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பிரேக் அமுக்கும்போது தகடே சுழன்றுவிடும். முன் சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் இதை மறக்கவே கூடாது: கிளம்பும்முன் நின்ற இடத்திலேயே பிரேக் லீவரை நான்கைந்து தடவை அமுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பேடுகள் விலகிப்போயிருக்கும். முதல் அமுக்கல் வெறுமையாகப் போகும். அது கடை வாசலில் நடந்தால் ஒன்றுமில்லை, சிக்னலில் நடந்தால் முன்னால் நிற்கும் பஸ்தான் நிறுத்தும்.

பில்லை வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். டயரில் தயாரிப்புக் குறை தெரிந்தால் கம்பெனி மாற்றித் தருவதற்கும் பில் வேண்டும். பில்லின் பின்பக்கத்திலேயே வண்டி ஓடிய கிலோமீட்டரையும் டயரின் அந்த நான்கு இலக்க எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புது டயர் முதல் நாளில் வழுக்கும். மேல் தோல் வழவழப்பாக இருக்கும், அச்சிலிருந்து எடுத்த மினுமினுப்பும் போயிருக்காது. முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, மெதுமெதுவாகச் சாய்வைக் கூட்டுங்கள். மாட்டிய அன்றே மழை என்றால் இன்னும் நிதானம். பளபளப்புக்காகப் பாலிஷ் போடும் வழக்கம் சில வாட்டர் வாஷ் கடைகளில் உண்டு. பக்கவாட்டில் போட்டால்கூட அது பட்டன்மேல் வழியும். வேண்டவே வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு காற்று. எத்தனை பிஎஸ்ஐ என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு வேறு அளவு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கானது அல்ல. டயர் ஆறியிருக்கும்போது, காலையில் வீட்டுக்குப் பக்கத்து பங்கில் பிடிப்பதுதான் சரி. நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய சூட்டில் பிடித்தால் கருவி கூடுதலாகக் காட்டும், அதை நம்பி இறக்கினால் மறுநாள் குறைவாக இருக்கும். காற்று குறைந்த விலை உயர்ந்த டயரைவிட, சரியான காற்றுள்ள சாதாரண டயர் நன்றாக நிற்கும்.

ஒரு டயருக்குத்தான் காசு என்றால்

மாதக் கடைசியில் இந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. இரண்டில் எது அந்த 0.8 மில்லிமீட்டர் மேட்டைத் தொட்டுவிட்டதோ அதுதான் முதலில், அதில் பேச்சில்லை. இரண்டுமே தொடவில்லை, இரண்டுமே களைத்திருக்கின்றன என்றால் முன் டயரை மாற்றுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியிருந்தால் இது இன்னும் பொருந்தும். விற்றவர் பின் டயரைப் புதிதாக்கி மினுக்கியிருப்பார், முன் டயரின் நான்கு இலக்க எண்ணைப் படித்தால் அது வண்டி பிறந்த வருடத்தையே சொல்லும்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டயரைப் பற்றியும் கேட்பார்கள். சீட் வாங்கலாம், இண்டிகேட்டர் வாங்கலாம், டேங்க்கூட வாங்கலாம். டயர் வேண்டாம். அது எந்த வெயிலில் கிடந்தது, உள்ளே எத்தனை பஞ்சர், தேய்ந்த பிறகு பள்ளத்தைக் கத்தியால் ஆழமாக்கி எடுத்ததா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கையில் உள்ள காசுக்கு உங்கள் வண்டியின் அளவில், கம்பெனியின் ஆக மலிவான புது டயர் கிடைக்கும். அதை வாங்குங்கள். பின் டயருக்கு அடுத்த மாதச் சம்பளம் வரட்டும். அதுவரை பின்னால் ஆள் ஏற்றாமல், மழையில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.